தாரூன்: பார்சிகளின் சடங்கு மேசையில் ஒரு சின்ன ரொட்டி

பார்சிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "அவங்க நெருப்பைக் கும்பிடறவங்க. ரொட்டி சுட்டு நெருப்புல போடுவாங்க." கொஞ்சம் படித்தவர் என்றால், "அது கிறிஸ்தவர்களின் நற்கருணை அப்பம் மாதிரிதான்" என்பார். இன்னொருவர், "நம்ம ஊர்ப் பிரசாதம்னு வச்சுக்குங்களேன்" என்று முடித்துவிடுவார். முதல் பேச்சு முழுத் தவறு. மற்ற இரண்டும் பாதி தூரம் சரியாகப் போய், முக்கியமான இடத்தில் வழி மாறிவிடுகின்றன.

அந்த ரொட்டியின் பெயர் தாரூன். உள்ளங்கை அளவுதான் இருக்கும். அதைச் சரியாகப் புரிந்துகொண்டால் அந்தச் சமயத்தின் மையமே கொஞ்சம் பிடிபடும் என்பது என் எண்ணம். அதனால்தான் நிதானமாக, அடியிலிருந்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன அறிமுகம். ஜரதுஷ்டிரர் என்ற தீர்க்கதரிசியின் வழி வந்தது ஜரதுஷ்டிர சமயம். பழைய ஈரானில் பிறந்தது. உலகைப் படைத்த இறைவனை அவர்கள் அகுர மஸ்தா என்கிறார்கள். ஈரானை அரபுப் படைகள் வென்ற பிறகு, அந்தச் சமயத்தார் சிலர் கடல் கடந்து குஜராத் கரைக்கு வந்தார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள்தான் பார்சிகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அவர்கள் 57,264 பேர். சென்னை ராயபுரத்திலும் 1910-இல் கட்டிய ஒரு பார்சிக் கோயில் இருக்கிறது. ஈரானில் யஸ்து, கெர்மான் பகுதிகளில் இதே சமயத்தார் இன்றும் வாழ்கிறார்கள்.

எப்படிச் செய்கிறார்கள்?

கோதுமை மாவு, தண்ணீர், கொஞ்சம் நெய். அவ்வளவுதான். புளிக்க வைப்பதில்லை. சப்பாத்தி மாவு பிசைந்தவருக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றும் இல்லை. தட்டையாக, வட்டமாகத் தட்டிச் சுட்டு எடுக்கிறார்கள். மெத்தென்று உப்பி வராது, வளைத்தால் வளையும்.

ஆனால் யார் வேண்டுமானாலும் செய்துவிட முடியாது. சடங்கு நடத்தும் குருமாரின் குடும்பத்தில் பிறந்தவர், தூய்மை விதிகளைக் கடைப்பிடித்துச் செய்ய வேண்டும். ஆண்கள்தான் செய்ய வேண்டும் என்று இல்லை, குருக்குடும்பத்துப் பெண்களும் செய்யலாம். குருவாகச் சடங்கு நடத்துவது ஆண்களின் வேலையாகவே இருந்துவரும் ஒரு மரபில், சடங்கின் நடுப்பொருளைப் பெண் கை செய்து தருகிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சுடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சில ரொட்டிகளின் ஒரு பக்கத்தில் மட்டும் மேலோட்டமாக ஒன்பது கீறல்கள் போடுவார்கள். வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை. நகத்தாலேயே கீறிவிடலாம். ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு சொல்: ஹுமத, ஹுக்த, ஹ்வர்ஷ்த. நல்லெண்ணம், நற்சொல், நற்செயல். மூன்று சொல்லையும் மூன்று முறை சொன்னால் ஒன்பது கீறலும் முடிந்துவிடும்.

இந்தச் சொற்களில் வரும் 'ஹு' என்பது சம்ஸ்கிருத 'சு'. சுமதி, சுகுணா என்ற பெயர்களில் இருக்கும் அதே 'சு', 'நல்ல' என்ற பொருளில். அவர்களுடைய மறைநூலின் மொழியான அவெஸ்தாவும் வேத சம்ஸ்கிருதமும் அக்கா தங்கை போல. அங்கே 'யஸ்ன' என்பது இங்கே 'யக்ஞம்', அங்கே 'ஹௌம' என்பது இங்கே 'சோமம்'.

கீறல் போட்டதுதான் சரியான பொருளில் தாரூன். கீறல் போடாமல், அதே மாவில் அதே அளவில் செய்த ரொட்டிக்கு ஃப்ரசஸ்த் என்று தனிப் பெயர். பேச்சுவழக்கில் இரண்டையும் சேர்த்துத் தாரூன் என்றே சொல்லிவிடுவார்கள். நானும் இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் அப்படியே செய்கிறேன்.

ஆக இதுவரை: புளிக்காத சின்னக் கோதுமை ரொட்டி. அதில் ஒரு வகைக்கு ஒன்பது கீறல், அந்த ஒன்பதும் ஒன்பது சொல். மாவு நிலையில் இருக்கும்போதே அதன்மேல் பேச்சு ஏறிவிட்டது.

நெருப்பில் போடுவதில்லை

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாரூன் நெருப்புக்குப் போவதில்லை.

பார்சிக் கோயிலில் எரியும் நெருப்புக்கு உணவு தனி. சந்தனக் கட்டையும் சாம்பிராணியும்தான் அது. ஒரு நாளை ஐந்து பொழுதாகப் பிரித்து, ஒவ்வொரு பொழுதிலும் குரு அந்த நெருப்புக்கு விறகு இடுவார். குஜராத்தின் உத்வாடாவில் இருக்கும் நெருப்பு, பார்சிகள் எல்லாருக்கும் மூத்தது, அந்த ஊருக்கு 1742-இல் வந்தது. அதைக்கூட இப்படித்தான் பராமரிக்கிறார்கள். பழைய காலத்தில் பலியிட்ட ஆட்டின் கொழுப்பில் ஒரு பங்கு நெருப்புக்குப் போனது உண்டு. ரொட்டி அப்படிப் போகவில்லை.

தாரூன் சடங்கு நடக்கும்போது நெருப்பு எதிரில் இருக்கும். அதனால்தான் பார்ப்பவர்கள் குழம்புகிறார்கள் என்று நினைக்கிறேன். குரு உட்கார்ந்திருக்கிறார், முன்னால் தாழ்வான மேசை, மேசையில் ரொட்டி, பக்கத்தில் எரியும் நெருப்பு. நம் ஊர் ஹோமத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அடுத்தது என்ன என்று தானாகத் தோன்றிவிடும். இங்கே நெருப்பு முன்னிலையில் இருக்கிறது, அவ்வளவுதான். ரொட்டியை உண்பது மனிதர்கள்.

பங்கு எடுத்து வைப்பது

அப்படியானால் இதைப் படையல் என்று எந்தப் பொருளில் சொல்கிறோம்?

வீட்டில் நடக்கும் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாடு தயார். அப்பா வர நேரமாகும். அம்மா மற்றவர்களுக்குப் பரிமாறும் முன் ஒரு கிண்ணத்தில் குழம்பை ஊற்றி, "இது அப்பாவுக்கு" என்று தனியே வைக்கிறாள். குழம்பு அதே குழம்புதான். ஆனால் அந்தச் சொல் விழுந்ததும் அது வேறாகிவிட்டது. இனிமேல் யாரும் அதில் கரண்டி போட மாட்டார்கள். வீட்டில் இல்லாத ஒருவர், அந்தக் கிண்ணம் இருப்பதாலேயே வீட்டில் இருக்கிறார்.

தாரூன் வேலை செய்வது இந்த இடத்தில்தான். அந்தச் சொல்லே அவெஸ்தா மொழியின் 'த்ரௌனங்ஹ்' என்பதிலிருந்து வந்தது. பொருள்: பங்கு, ஒருவருக்கு உரிய பாகம். பிறகு பஹ்லவியில், அதாவது இடைக்கால ஈரானிய மொழியில், 'த்ரோன்' ஆகி, குஜராத்தி நாவில் தாரூன் ஆயிற்று. ரொட்டிக்கு வைத்த பெயர் மாவையோ வடிவத்தையோ குறிக்கவில்லை, அது யாருக்கோ உரியது என்பதைக் குறிக்கிறது.

யாருக்கு? ஒவ்வொரு தாரூன் சடங்கும் ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து நடக்கிறது. அகுர மஸ்தாவாக இருக்கலாம். யஸதாக்களில் ஒருவராக இருக்கலாம். யஸதா என்றால் 'வணங்கத் தக்கவர்'. அகுர மஸ்தாவின் படைப்பைக் காத்து நிற்கும் தெய்வ சக்திகளை இப்படி அழைக்கிறார்கள். இறந்துபோனவர்களின் ஃப்ரவஷியாகவும் இருக்கலாம். ஃப்ரவஷி என்பது ஒவ்வொருவருக்கும் பிறப்புக்கு முன்பிருந்தே உள்ள காவல் ஆவி. பார்சி ஆண்டின் கடைசிப் பத்து நாட்களில் ஃப்ரவஷிகள் வீடு தேடி வருவதாக நம்பிக்கை. பார்சிகள் இதை முக்தாத் என்பார்கள். தாரூன் சடங்குகள் நிறைய நடக்கும் காலம் அது.

அப்புறம், ஒரு ரொட்டியைத் தயாரித்து மேசையில் வைத்தாலே அது பங்கு ஆகிவிடாது. அம்மா "இது அப்பாவுக்கு" என்று சொன்னதுபோல ஒரு சொல் தேவை.

பாஜ்: சொல் போடும் வேலி

அந்தச் சொல்லுக்குப் பெயர் பாஜ். தாரூனைப் படைக்கும் சடங்கையே பார்சிகள் பல நேரம் 'பாஜ்' என்றுதான் சொல்கிறார்கள். இந்தச் சொல் நமக்கு அந்நியம் இல்லை. அவெஸ்தாவில் 'வாச்', சம்ஸ்கிருதத்திலும் 'வாச்', அந்த வழியாகத் தமிழுக்கு வந்தது 'வாக்கு'. நாம் கொடுக்கும் வாக்கும் அவர்கள் எடுக்கும் பாஜும் ஒரே வேர்.

பாஜ் என்றால் ஒரு செயலுக்கு முன்னும் பின்னும் சொல்லும் புனித வாசகங்கள். முன்னால் சொல்வது 'பாஜ் எடுப்பது', பின்னால் சொல்வது 'பாஜ் விடுவது'. இரண்டுக்கும் நடுவில் சாதாரணப் பேச்சுக் கூடாது. வயலைச் சுற்றி வேலி போட்டபின் உள்ளே மாடு புக முடியாது அல்லவா? அதுபோல முன்வாசகமும் பின்வாசகமும் வேலி. உள்ளே நடக்கும் செயல் பத்திரமாக இருக்கிறது. பேச்சு விழுந்தால் வேலி உடைந்த மாதிரி. பேசியே தீர வேண்டுமென்றால் வாயைத் திறக்காமல் முனகலாகச் சொல்லலாம் என்று ஒரு சலுகை உண்டு.

இது கோயிலோடு நிற்பதில்லை. மரபைக் கடைப்பிடிக்கும் வீடுகளில் சாப்பாட்டுக்கு முன்னும் பாஜ் எடுப்பார்கள். அந்த வாசகம் யஸ்ன நூலின் 37-ஆம் அதிகாரத்தில் வருகிறது. யஸ்ன என்பது அவர்களுடைய முதன்மை வழிபாட்டு நூல், அதிகாரங்கள் 72. மாட்டையும் அறத்தையும், நீரையும் நல்ல செடிகொடிகளையும், ஒளியையும் மண்ணையும், நல்லவை எல்லாவற்றையும் படைத்த அகுர மஸ்தாவை வணங்குகிறோம் என்பது அதன் பொருள். தட்டில் இருக்கும் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு, அதன்பின் வாய்பேசாமல் உண்பது. "சாப்பிடும்போது பேசாதே" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது ஒழுக்கத்துக்காக. அங்கே அந்த மௌனம் வழிபாட்டின் பகுதி.

சுருக்கமாக: தாரூன் என்றால் பங்கு. யாருடைய பங்கு என்று பெயர் சொல்லி நிறுத்துவது பாஜ். ரொட்டி உடல், பாஜ் உயிர் என்றுகூடச் சொல்லலாம். பாஜ் இல்லாவிட்டால் அது வெறும் கோதுமை ரொட்டி.

மேசையில் என்னென்ன இருக்கும்

பாஜ் சடங்கில் பொதுவாக நான்கு ரொட்டி வைப்பார்கள். கீறல் போட்டவை இரண்டு, குருவின் இடப்பக்கம். கீறல் இல்லாதவை இரண்டு, வலப்பக்கம். கீறல் போட்ட ஒன்றின்மேல் கொஞ்சம் நெய் அல்லது வெண்ணெய் வைக்கப்படும். அதன் பெயர் கோஷுதோ, 'நன்மை தரும் பசு' என்ற பொருளுடைய பழைய சொல்லின் திரிபு. ஒரு காலத்தில் இறைச்சி இருந்த இடத்தில் இன்று நெய் இருக்கிறது. மாதுளைக் குச்சி, முட்டை, பழம், தண்ணீர் என்று மற்றவையும் சேரும். இப்படிப் படைக்கும் உணவு எல்லாவற்றுக்கும் பொதுவாக மியஸ்தா என்று பெயர். தாரூன் அந்த மியஸ்தாவில் ஒன்று, ஆனால் அதில்லாமல் சடங்கு இல்லை.

இங்கேதான் எனக்கு இந்தச் சடங்கின்மேல் பெரிய மதிப்பு வருகிறது. அகுர மஸ்தா உலகை ஏழு படைப்புகளாகப் படைத்தார் என்பது அவர்கள் நம்பிக்கை: வானம், நீர், மண், செடி, விலங்கு, மனிதர், நெருப்பு. இப்போது அந்தச் சின்ன இடத்தைப் பாருங்கள். கோதுமையும் மாதுளையும் செடி. நெய்யும் முட்டையும் விலங்கு. கிண்ணத்தில் நீர். எதிரில் நெருப்பு. கீழே மண். உலோகப் பாத்திரங்கள் வானத்துக்கு ஈடு, வானம் கல்லாலோ பளபளக்கும் உலோகத்தாலோ ஆனது என்று பழைய ஈரானியர் நினைத்தார்கள். நடுவில் உட்கார்ந்திருக்கும் குரு மனிதர். ஏழும் வந்துவிட்டன. ஒரு ஆள் கைநீட்டித் தொடக்கூடிய தூரத்துக்குள் முழு உலகம்.

ரொட்டி ஒன்றையே உலகமாகப் பார்க்கும் விளக்கமும் பஹ்லவி நூல்களில் இருக்கிறது. வட்டமான ரொட்டி உலகம், அதன் விளிம்பு உலகைச் சுற்றி நிற்கும் அல்புர்ஸ் மலை.

உண்பதும் சடங்குதான்

சரி, படைத்தாயிற்று, பாஜ் சொல்லியாயிற்று. அடுத்து?

உண்ண வேண்டும். இந்த உண்ணலுக்குச் சாஷ்னி என்று பெயர், 'சுவைத்தல்'. முதலில் குரு ஒரு துண்டு எடுத்துச் சுவைப்பார். பிறகு கூடியிருக்கும் சமயத்தார் பகிர்ந்துகொள்வார்கள்.

யஸ்ன வழிபாட்டில் இதற்குத் தனி இடமே உண்டு. 3 முதல் 8 வரையான அதிகாரங்கள் தாரூனுக்கு உரியவை. எட்டாம் அதிகாரத்தில் ஓர் அழைப்பு வருகிறது: "மனிதர்களே, உண்ணுங்கள் இந்த மியஸ்தாவை, அறத்தாலும் பக்தியாலும் இதற்குத் தகுதி பெற்றவர்களே!" அந்த இடத்தில் குரு தாரூனைச் சுவைக்கிறார். அப்போது யஸ்ன இன்னும் முடியவில்லை, 64 அதிகாரம் பாக்கி இருக்கிறது.

பிரசாதத்திலிருந்து இது விலகும் இடம் இதுதான். பிரசாதம் பூஜை முடிந்தபின் கிடைப்பது. சாமி ஏற்றுக்கொண்டு அருளோடு திருப்பித் தந்தது. தாரூன் சடங்கில் உண்பது பின்னால் ஒட்டிக்கொண்ட பகுதி இல்லை, அது நடுவில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாதவரும் கண்ணுக்குத் தெரிகிறவர்களும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள் என்றுதான் இதைப் படிக்க வேண்டும்.

நற்கருணையோடு உள்ள வேறுபாடு இன்னும் பெரியது. அங்கே அப்பம் கிறிஸ்துவின் உடல். இங்கே ரொட்டி யாருடைய உடலாகவும் ஆவதில்லை, கடைசிவரை ரொட்டியாகவே இருக்கிறது. இருப்பதுதான் சிறப்பு. மண்ணில் விளைந்த பொருள் நல்லது, அது வேறொன்றாக மாறித்தான் புனிதமாக வேண்டும் என்றில்லை என்பது இந்தச் சமயத்தின் அடிப்படை நிலைப்பாடு. உண்ணாநோன்பை இவர்கள் ஒரு புண்ணியமாகக் கருதாததும் இதனால்தான்.

பங்கு மனிதரோடும் நிற்பதில்லை. மேரி பாய்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1963-64-இல் யஸ்துக்குப் பக்கத்தில் ஷரீஃபாபாத் என்ற கிராமத்தில் தங்கி, அங்குள்ள ஜரதுஷ்டிரர்களின் வாழ்க்கையைப் பதிவு செய்தார். அந்த வீடுகளில் நாய்க்கு உணவில் ஒரு பங்கு வைக்கும் பழக்கம் இருந்தது. நாயின் வழியாக அந்தப் பங்கு இறந்தவர்களுக்குப் போகிறது என்று நம்பினார்கள். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிட உட்காரும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தாரூன் இல்லாத சில

குழப்பம் வரும் இன்னொரு இடம். பார்சி விழாக்களில் பார்க்கும் எல்லாத் தின்பண்டமும் தாரூன் இல்லை. மலீதோ என்பது கோதுமை, நெய், சர்க்கரை சேர்த்துக் கிண்டும் இனிப்பு. ஜஷன் என்னும் நன்றி வழிபாட்டில் பழம், பூக்களோடு இதை வைப்பார்கள். அது வேறு சடங்கு. ஈரானில் சீரோக் என்றொரு ரொட்டி, மாவைப் புளிக்கவைத்து எண்ணெயில் பொரிப்பது. இறந்தவர்களின் நினைவு நாட்களில் செய்வார்கள், பொரியும் மணமே அந்த ஆன்மாவுக்கு உகந்தது என்பார்கள். கஹம்பார் என்னும் பருவ விழாக்களில் உலர்பழங்களும் கொட்டைகளும் கலந்த லோர்க் பகிர்வார்கள். இவை எல்லாமே பகிர்ந்து உண்ணும் பொருட்கள்தான். ஒன்பது கீறல் இருப்பது தாரூனில் மட்டும்.

இறந்தவர்களுக்கான ரொட்டி

இறந்தவர்களுக்கு ரொட்டி ஒதுக்கும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதற்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. ஈரானை ஆண்ட சாசானிய வம்சத்து அரசர் முதலாம் ஷாப்பூர், கி.பி. 260-ஐ ஒட்டி, நக்ஷ்-எ-ருஸ்தம் என்ற இடத்தில் ஒரு நீண்ட கல்வெட்டு வெட்டினார். பாதிப் பகுதி ரோமானியரை வென்ற கதை. மீதியில் பெயர்ப் பட்டியல் வருகிறது: தன் ஆன்மாவுக்கு, அரச குடும்பத்தார் இன்னாரின்னார் ஆன்மாவுக்கு, நாளொன்றுக்கு ஓர் ஆடு, ஒரு கிரீவும் ஐந்து ஹோஃபனும் ரொட்டி, நான்கு பாஸ் திராட்சை மது. கிரீவ், ஹோஃபன், பாஸ் எல்லாம் அக்காலத்து அளவைகள். பேரரசர் ஒருவர், போர் வெற்றிக்குப் பக்கத்திலேயே, யார் யாருக்கு எவ்வளவு ரொட்டி என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார்.

அதே எண்ணம் இன்றைய பார்சி வீட்டில் ஒரு சாவு விழும்போது தெரியும். இறந்தவரின் ஆன்மா மூன்று இரவு இங்கேயே இருக்கிறது. நான்காம் நாள் விடியலில் மறுமைக்குப் போகும் சின்வத் பாலத்தைக் கடக்கிறது. அங்கே நல்லதையும் கெட்டதையும் நிறுக்கும் தராசு ரஷ்னு என்ற யஸதாவின் கையில். மூன்று நாளும் ஆன்மாவைக் காத்துத் துணை நிற்பவர் ஸ்ரோஷ்.

மூன்றாம் இரவின் கடைசிப் பொழுதில், இன்னும் இருட்டாக இருக்கும்போதே, குரு நான்கு பாஜ் சொல்கிறார். ஒன்று ரஷ்னுவுக்கும் அஷ்தாத் என்ற யஸதாவுக்கும் சேர்த்து. ஒன்று காற்றோடு தொடர்புடைய ராம் யஸதாவுக்கு. ஒன்று அறவோர் எல்லாருடைய ஃப்ரவஷிகளுக்கு. ஒன்று ஸ்ரோஷுக்கு. ஃப்ரவஷிகளுக்கான பாஜின்போது குருவின் முன்னால் புது வெள்ளைத் துணி ஒரு தொகுதி வைப்பார்கள், அது சியாவ். போகிறவருக்கு உடை. பக்கத்தில் தாரூன், போகிறவரின் வழியில் நிற்கப்போகும் ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்கு. சொல்லி முடித்துச் சுவைத்தபின், கிழக்கு வெளுக்கத் தொடங்கும்.